லாந்தர் பௌலும் சப்பை மூக்கு பூட்ஸும்

“வலது கால் பூட்ஸை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான். அப்ப திருடனுக்கு இடது காலே கிடையாது. ஊர்ல ஒத்தைக் கால்காரங்களை வரிசையா நிறுத்தினா கேஸ் முடிஞ்சுது” என்றான் வெர்டெல்.

கோச் பெட்டிவே சிரிக்கவில்லை. மிச்சமிருந்த இடது கால் பூட்ஸின் நாடாவைப் பிடித்துத் தூக்கியபடி நின்றார்.

“பிரதர் டாலிவர், உங்க ஆளு எப்பவும் இப்படித்தானா?”

“டெட்ராய்ட்ல வளர்ந்தவன். குளிர்ல வாய் உறைஞ்சு போயிடக் கூடாதுன்னு சும்மா ஆட்டிக்கிட்டே இருந்து பழகிட்டான்” என்றார் லூசியஸ் டாலிவர். “நீங்க சொல்லுங்க.”

டாலிவர் ரயிலில் படுக்கைப் பெட்டி உதவியாளராக இருந்து துப்பறிய வந்தவர். பயணி பொய் சொன்னாலும் அவன் படுத்த விரிப்பு உண்மையைச் சொல்லும் என்பது அவர் கட்சி. மொபீல் நகரத்தின் டேவிஸ் அவென்யூவில், முடிதிருத்தும் கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். 1951-ஆம் ஆண்டின் முதல் காலையில், முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவரை கோச் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

அன்று மதியம் லாந்தர் பௌல் என்னும் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி. கறுப்பின மாணவர்களின் கல்லூரிகளில் அந்த வருடத்துச் சாம்பியன் யார் என்பதை ஒரே ஆட்டத்தில் முடிவு செய்யப் போகும் முதல் லாந்தர் பௌல். அலபாமாவின் ஆஷ்பி கல்லூரிக்கும், ஒஹையோவிலிருந்து மூன்று பஸ் நிறைய வந்து இறங்கியிருந்த ஃபென்லி கல்லூரிக்கும் போட்டி. ஆஷ்பியின் ஆட்டக்காரர்கள் மிஸ் யூலாலி பத்தீஸ்ட்டின் வீட்டு மாடியை நிறைத்திருந்தார்கள். ஆஷ்பியின் நம்பிக்கையோ, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பும் ஓசெல் டிரம்மண்டின் வலது பூட்ஸில் இருந்தது. அந்த பூட்ஸைத்தான் காணவில்லை.

“வேற பூட்ஸ் போட்டு உதைக்க முடியாதா?” என்று கேட்டார் டாலிவர்.

“இதோட மூக்கைப் பாருங்க, உருண்டை. எல்லாரும் போடுறது. காணாமப் போனதுக்கு மூக்கு சப்பை. கத்தியால வெட்டின மாதிரி நேரா இருக்கும். அதுல பட்டாத்தான் பந்து நேரா போகும். இந்த உருண்டை மூக்கால உதைச்சா பந்து போயி வளைகுடாவுல விழும், மீன் பிடிக்கிறவன்தான் எடுத்துக் குடுக்கணும்.”

“கடைசியா எப்ப பார்த்தீங்க?”

“நேத்து சர்ச்சுக்குக் கிளம்பும்போது நானே பின்வாசப் பக்கம் இருக்கிற பெட்டியில வெச்சேன். காலைல திறந்தா இல்ல. வேற யாரு, ஃபென்லிக்காரன்தான். நேத்து ரெண்டு பேரு இந்தத் தெருவுல சுத்திக்கிட்டுத் திரிஞ்சானுங்க. என் முன்வரிசைப் பசங்களைக் கூட்டிக்கிட்டு அவங்க தங்கியிருக்கிற வீட்டுக்குப் போறேன். ஒவ்வொருத்தனும் கதவு அகலம் இருப்பான்.”

“போங்க. போலீஸ் வரும். ரெண்டு காலேஜுப் பிள்ளைங்களும் ஜெயில்ல உட்கார்ந்து பௌல் ஆடட்டும்” என்றார் டாலிவர். “கொஞ்ச நேரம் எனக்குக் குடுங்க, கோச். முதல்ல அந்தப் பையனைப் பார்க்கணும்.”

*

ஓசெல் மாடியறையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஆறடிக்கு மேல் உயரம். ஆனால் அன்று காலை அவனை மடித்து வைத்தது போல் இருந்தது. சக ஆட்டக்காரர்கள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரியிலும் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் எழவில்லை. காலில் வீட்டுச் செருப்பு. வலது காலை இடது காலுக்குப் பின்னால் இழுத்து வைத்திருந்தான்.

பக்கத்தில் அவன் மனைவி லவீனியா. கல்யாணமாகி இன்னும் வருடம் திரும்பவில்லை. வடக்கத்தி ஒஹையோக்காரி, வார்த்தைகளை நறுக்கி நறுக்கிப் பேசினாள்.

“இன்னிக்கு ரொம்ப முக்கியமான நாளோ, தம்பி?” என்று கேட்டார் டாலிவர்.

“சிகாகோவிலிருந்து ஒருத்தர் வந்திருக்காரு, சார். மஞ்சள் மஃப்ளர் போட்டிருப்பாரு. தொழில்முறை அணிக்கு ஆள் எடுக்கிறவரு. என் உதையைப் பார்க்கத்தான் ரயிலேறி வந்திருக்காரு. நல்லா உதைச்சா கையோட ஒப்பந்தம். நம்ம ஆளுங்களுக்கு இப்பத்தானே கதவைக் கொஞ்சம் திறந்திருக்கானுங்க. நான் உள்ள போகலேன்னா திரும்ப எப்ப திறப்பானோ.”

“அவ்வளவு முக்கியமான பூட்ஸை நீ எழுந்து தேடலையே?”

“தேடினேனே” என்றான் ஓசெல். தரையைப் பார்த்தான்.

“நீங்கம்மா? காலைல எங்க இருந்தீங்க?”

“பின்னால தோட்டத்துல. சும்மா உட்கார்ந்திருக்க முடியலை. தலகாணி உறையெல்லாம் துவைச்சுக் காயப் போட்டேன். மிஸ் யூலாலிக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு.”

டாலிவரின் ஒரு புருவம் மட்டும் மேலே போய் இறங்கியது.

படி இறங்கும்போது வெர்டெல், “தங்கமான பொண்ணு, சீஃப். பண்டிகை நாளும் அதுவுமா துணி துவைச்சுப் போட்டிருக்கு. எனக்கு இப்படி ஒண்ணு அமைஞ்சா இந்தச் சட்டைக்கும் விமோசனம் கிடைக்கும்” என்றான்.

“அமையும், அமையும். நட.”

சமையலறையைக் கடக்க முடியவில்லை. மிஸ் யூலாலி கரண்டியோடு வழியை மறித்து நின்றாள். அகலமான அம்மாள், அவளைச் சுற்றிக்கொண்டு போவதென்றால் தெருவுக்குப் போய்த்தான் வர வேண்டும். பன்றித் தாடையோடு வெந்த காராமணியின் மணமும், கீரையின் மணமும், சோள ரொட்டியின் மணமும் அவளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன.

“புது வருஷத்துக் காராமணி. தின்னாம ஒருத்தரும் என் வாசலைத் தாண்டக் கூடாது.”

“இதைத் தின்னா வருஷம் பூரா காசு கொட்டும்னு சொல்றாங்களே, மேடம்? அப்ப டேவிஸ் அவென்யூ முழுக்க லட்சாதிபதியாத்தானே இருக்கணும்?” என்றான் வெர்டெல்.

“தின்னதாலதான் இந்த மட்டுக்காவது இருக்கோம், கண்ணு. தட்டை நீட்டு.”

வெர்டெல் நீட்டினான். இரண்டாவது தடவையும் நீட்டினான்.

டாலிவர் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு கேட்டார். “மிஸ் யூலாலி, நேத்து வேலையெல்லாம் முடிச்சுட்டீங்களா?”

“முடிக்காம? பெருக்கித் துடைச்சு, குப்பையைக் கொட்டி, பொழுது சாயறதுக்குள்ள கொடியில ஒரு கைக்குட்டை இல்லாம எடுத்து மடிச்சு வெச்சுட்டுத்தான் சர்ச்சுக்குப் போனேன். எங்கம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி.”

“காலைல பின்பக்கம் போனீங்களா?”

“எங்க போறது? விடியறதுக்கு முன்னால அடுப்புகிட்ட நின்னவதான். எத்தனை வயிறு, பார்த்தீங்கல்ல.”

டாலிவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார்.

*

தோட்டத்தில் மூடுபனி பாதி கரைந்திருந்தது. வேலியோரம் ஈர மண். அதில் கோழிக் கால்தடம் தவிர வேறு தடமில்லை. கொடியில் நான்கு தலையணை உறைகள். வளைகுடாப் பக்கமிருந்து காற்று வந்தபோது மூன்று உறைகள் படபடத்தன. நாலாவது, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்கும் சர்ச் டீக்கன் மாதிரி அசையாமல் நின்றது.

வெர்டெல் கொடிக்கம்பத்தில் சாய்ந்து சிகரெட் பற்ற வைத்தான். “வேலியேறி எவனும் வரலை, சீஃப். அப்ப உள்ளாள்தான். எனக்கு அந்த மாற்று உதைகாரன் மேல சந்தேகம். ஓசெல் ஆடலேன்னா அவன்தானே ஆடணும்?”

“அவனை உதைக்கச் சொன்னாங்கன்னதும் குளியலறைக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டவன் இன்னும் வெளியே வரலை. திருடினவன் அப்படிப் பயப்பட மாட்டான்.” டாலிவர் கொடியைச் சுற்றி நடந்தார். “டெட்ராய்ட், இங்க உனக்கு ஏதாவது விசித்திரமா தெரியுதா?”

“துணி காயுது. அதுல என்ன விசித்திரம்?”

“அதான். உனக்குத் தெரியலை. இந்த வீட்ல இருக்கிற வேற யாரு வந்து பார்த்தாலும் நெஞ்சுல கையை வெச்சுட்டு நின்னிருப்பாங்க. இன்னிக்கு என்ன நாளு?”

“புது வருஷம்.”

“புது வருஷத்தன்னிக்கு எங்க பக்கம் ஒரு பொம்பளையும் துணியைத் தண்ணியில நனைக்க மாட்டா. நனைச்சா அந்த வீட்ல ஒரு உசிரையும் சேர்த்து அலசி விட்டுருவோம்னு நம்பிக்கை. துவைக்க இஷ்டமிருந்தாலும் இல்லாட்டியும், அக்கம்பக்கத்துக்குப் பயந்தாவது கொடி இன்னிக்கு மொட்டையாத்தான் இருக்கும். தெற்கத்தி ஆளுங்க அத்தனை பேருக்கும் இது பால் குடிக்கும்போதே தெரியும். இந்த வீட்ல அது தெரியாதவங்க ரெண்டே பேருதான்.”

“ஒண்ணு, ஒஹையோக்காரி லவீனியா. இன்னொண்ணு யாரு?”

“நீ.”

வெர்டெல் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான். “நான் திருடலை, சீஃப். நான் காராமணி தின்னுக்கிட்டு இருந்தேன்.”

“தெரியும். நீ துவைச்சிருந்தா முதல்ல அந்தச் சட்டையைத் துவைச்சிருப்பே.” டாலிவர் ஒரு உறையின் ஓரத்தை விரல்களுக்கு இடையே தேய்த்தார். “இதைப் பாரு. நடுவுல யாரோ தலைக்குத் தடவின எண்ணெயோட வட்டம் அப்படியே இருக்கு. துவைக்கவே இல்லை. பூட்ஸைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறப்ப யாரோ வர்ற சத்தம் கேட்டிருக்கு. பின்வாசல்ல கிடந்த அழுக்குத் துணியில ஒரு உறைக்குள்ள போட்டுக் கொடியில மாட்டிட்டா. ஒண்ணு மட்டும் தொங்கினா சந்தேகம் வரும்னு இன்னும் மூணு எடுத்து மாட்டினா. வேற எந்த நாளா இருந்தாலும் அருமையான யோசனை.”

நாலாவது உறையின் கிளிப்புகளைக் கழற்றினார். உள்ளே கையை விட்டார். சப்பை மூக்கு வெளியே வந்தது.

அதே நேரம் பின்கதவு திறந்தது. கோச் பெட்டிவே. பூட்ஸைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். யார் துணி காயப் போட்டது என்று சமையலறையில் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“ஒஹையோ” என்றார் கோச். “ஃபென்லி எந்த ஊரு? ஒஹையோ. அவ எந்த ஊரு? ஒஹையோ. வீட்டுக்குள்ளேயே ஆளை வெச்சிருக்கானுங்க.”

*

மாடியறையில் கோச் பேசி முடிக்கும்வரை லவீனியா குறுக்கே பேசவில்லை. ஓசெல்தான் பேசினான்.

“லவீனியா. நீயா?”

“நான்தான்.”

“ஏன்?”

அவள் டாலிவரைப் பார்த்தாள். டாலிவர் நடந்து போய் பூட்ஸை ஓசெலின் மடியில் வைத்தார்.

“போடு, தம்பி.”

“இப்பவா?”

“இப்பத்தான். கோச் பார்க்கட்டும்.”

ஓசெல் பூட்ஸை எடுத்தான். நாடாவைத் தளர்த்தினான். இன்னும் தளர்த்தினான். கீழே மிஸ் யூலாலி யாரையோ மூன்றாவது கரண்டிக்கு மிரட்டிக்கொண்டிருந்தாள். ஓசெல் செருப்பிலிருந்து வலது காலை எடுத்தபோது வெர்டெலின் வாயிலிருந்து ஒரு நகைச்சுவையும் வரவில்லை. கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில், அதே பருமனில் இருந்தது.

“காணாமப் போனா முதல்ல எழுந்து தேடுறவன் அதோட சொந்தக்காரன்தான், கோச்” என்றார் டாலிவர். “இவன் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தா நொண்டுறது தெரிஞ்சுடும்.”

“எப்ப?” என்று கேட்டார் கோச். குரல் இறங்கியிருந்தது.

“கடைசிப் பயிற்சியில. ஒண்ணும் இல்ல, கோச். கட்டிக்கிட்டு உதைச்சா...”

“எலும்பு உடைஞ்சு உள்ளே குத்திக்கிட்டு நிக்குது” என்றாள் லவீனியா. “ஊர்ல டாக்டர் பார்த்தாரு. நான் பக்கத்துல நின்னேன். இன்னொரு உதை விழுந்தா விரலை எடுக்க வேண்டி வரும், பாதத்துக்கும் உத்தரவாதம் இல்லைன்னு சொன்னாரு. கோச்சுகிட்ட சொல்லுன்னு கெஞ்சினேன். பஸ்ல வர்றப்பவும் கெஞ்சினேன். ஃபென்லி ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? எனக்கு அவங்க யாரு?”

“அது என் காலு. முடிவு பண்ண நீ யாரு?” என்றான் ஓசெல்.

“நீ வாயைத் திறந்திருந்தா நான் கையை நீட்ட வேண்டியிருந்திருக்காது.”

கோச் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “மகளே, நான் பேசினது தப்பு” என்றார் லவீனியாவிடம். பிறகு ஓசெலிடம், “நீ இன்னிக்கு பெஞ்சுல உட்காரு. அவ்வளவுதான்” என்றார்.

ஓசெல் அதற்குப் பிறகு மனைவியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பஸ்ஸில்கூட வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தான்.

*

மைதானத்தில் இரண்டு கல்லூரி பேண்டுகளும் ஒன்றையொன்று ஊதித் தள்ளப் பார்த்தன. ஊரே திரண்டிருந்தது, சர்ச்சுக்குப் போட்ட தொப்பிகளோடு பெண்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஆஷ்பி இரண்டு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தது, முறைக்கு ஆறு புள்ளி. ஒவ்வொரு முறையும் அதற்குப் பின் ஒரு புள்ளிக்கான சின்ன உதை. மாற்று உதைகாரன் முதல் உதையைக் கம்பத்துக்கு இடதுபக்கம் அனுப்பினான். இரண்டாவதைப் பேண்டு வாசிப்பவர்கள் மேல் அனுப்பினான். ஆஷ்பி பன்னிரண்டு, ஃபென்லி பதின்மூன்று.

“டிரம் அடிக்கிறவன் பிடிச்சான் பாருங்க, சீஃப். அவனை டீம்ல எடுத்திருக்கலாம்” என்றான் வெர்டெல். அவனும் டாலிவரும் பெஞ்சுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

இடைவேளையில் மஞ்சள் மஃப்ளர் எழுந்தது. படியேறி வெளிவாசல் பக்கம் போனது. திரும்பி வரவில்லை. ஓசெல் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிய அதிக நேரமில்லை. ஆஷ்பி ஃபென்லியின் கோட்டை நெருங்கி, அங்கேயே சிக்கிக்கொண்டது. கடைசி முயற்சி பாக்கி. அங்கிருந்து கம்பத்துக்குள் ஒரு உதை விழுந்தால் மூன்று புள்ளி, பட்டம் ஆஷ்பிக்கு. ஓசெல் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கும் தூரம். கோச் மாற்று உதைகாரனைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான்.

ஓசெல் பெஞ்சுக்கு அடியிலிருந்து சப்பை மூக்கு பூட்ஸை எடுத்தான்.

“கோச். ஒரே ஒரு உதை.”

கோச் பூட்ஸைப் பார்த்தார். அவருக்கும் பட்டம் வேண்டும். அது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

லவீனியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தடுப்புக் கம்பி வரை வந்துவிட்டாள். கணவனைப் பார்த்தாள். இந்த முறை அவள் கெஞ்சவில்லை.

“தடுக்க மாட்டேன், ஓசெல்” என்றாள். “ஒளிச்சும் வெக்க மாட்டேன். உன் காலு. நீ சொன்னதுதான்.”

அவன் கையில் பூட்ஸோடு நின்றான்.

அந்த அமைதியைத் தாங்க முடியாத ஒரே ஆள் வெர்டெல்தான். “பூட்ஸை மட்டும் தனியா உள்ளே அனுப்ப முடியாதா, கோச்? ஃபென்லிக்காரன் பயப்படுறது அதுக்குத்தானே, விரலுக்கு இல்லையே?”

கோச் மெதுவாகத் திரும்பினார். டாலிவரும் திரும்பினார். இருவரும் வெர்டெலை, வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

“ஜூனியஸ்” என்று கூப்பிட்டார் கோச். உதைப்பவனுக்காகப் பந்தைத் தரையில் பிடித்துக்கொடுப்பவன் ஓடி வந்தான். கோச் அவன் காதில் என்னவோ சொன்னார். ஜூனியஸின் பற்கள் எல்லாம் தெரிந்தன.

“உள்ளே போனதும் பழக்க தோஷத்துல உதைச்சிட மாட்டியே, மகனே?” என்றார் கோச், ஓசெலிடம்.

ஓசெல் பூட்ஸைப் பார்த்தான். மஞ்சள் மஃப்ளர் போன வாசலைப் பார்த்தான். பிறகு வெர்டெலிடம் கையை நீட்டினான். “கத்தி இருக்கா, பிரதர்?”

வெர்டெல் பேனாக்கத்தியைக் கொடுத்தான். ஓசெல் பூட்ஸின் மேல்தோலை நாக்கிலிருந்து மூக்கு வரை ஒரே இழுப்பில் கிழித்தான். வாயைப் பிளந்த தவளை மாதிரி அது திறந்துகொண்டது. இனி அது எதையும் உதைக்காது. வீங்கிய கால் அதற்குள் போனது. மேலே நாடாவை ஒப்புக்குச் சுற்றிக் கட்டினான். தூரத்திலிருந்து பார்த்தால் பூட்ஸ் பூட்ஸாகத்தான் இருந்தது.

அவன் களத்துக்குள் நடந்தபோது அரங்கம் இடிந்து விழுவது போல் சத்தம். ஃபென்லியின் தலைவன் சப்பை மூக்கைப் பார்த்தான். “உதைக்கப் போறான், எல்லாரும் நடுவுல பாயுங்கடா” என்று அலறினான்.

பந்து பின்னால் வந்தது. ஜூனியஸ் குத்துக்காலிட்டு வாங்கினான். ஓசெல் நொண்டாமல் இரண்டடி வைத்தான். அதற்கு என்ன விலை என்பது அவன் முகத்தைப் பார்த்த லவீனியாவுக்கு மட்டும் தெரிந்தது. ஃபென்லியின் பதினொரு பேரும் கைகளைத் தூக்கிக்கொண்டு நடுவில் பாய்ந்தார்கள். வராத உதையைத் தடுக்க ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஜூனியஸ் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடதுபக்கம் எழுந்து ஓடினான். அந்தப் பக்கம் அவனைத் துரத்த ஒரு நாய்கூட இல்லை. கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடி, டிரம் அடிப்பவனைக் கட்டிக்கொண்டுதான் நின்றான்.

ஆஷ்பி பதினெட்டு, ஃபென்லி பதின்மூன்று. அதற்குமேல் மாறவில்லை.

மாணவர்கள் களத்தில் குதித்துக் கம்பங்களைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கோச்சையும் ஒரு கூட்டம் தூக்கிக்கொண்டு போனது. வெர்டெல் அதற்குப் பின்னாலேயே, “யோசனை என்னுது, என்னையும் தூக்குங்கப்பா” என்று கேட்டுக்கொண்டே போனான். டாலிவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பெஞ்சைப் பார்க்காமல் வேறுபக்கம் திரும்பி நின்றார்.

பெஞ்சில் ஓசெல் மட்டும் இருந்தான். லவீனியா தடுப்பைத் தாண்டி வந்து, அவனிடமிருந்து சற்று எட்டி நின்றாள்.

“சிகாகோக்காரர் போயிட்டாரு” என்றாள்.

“பார்த்தேன்.”

“எம்மேல கோவமா?”

“கோவந்தான். நாளைக்கும் இருக்கும். அதுக்கு அடுத்த நாளும் இருக்கும்னு நினைக்கிறேன்.” அவன் ஒரு கையை அவள் பக்கம் நீட்டினான். “இப்ப தோளைக் குடு, லவீனியா. வலி உயிர் போகுது. என்னால நடக்க முடியலை.”